மேசையை அளந்துவிட்டு மெனு கார்டுக்கு வாருங்கள்

பெங்களூருவில் புதிதாக ஓட்டல் திறக்கிறவர்கள் அடுப்பு, கிரைண்டர், மேசை நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் மெனு கார்டுக்கு வருகிறார்கள். சுல்தான்பேட்டை அச்சகத்திலோ தெருமுனை டிஜிட்டல் பிரிண்டிங் கடையிலோ உட்கார்ந்ததும், "ஏ4-ல போட்டுடலாமா சார்?" என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இவர்களும் சரியென்று சொல்லிவிடுகிறார்கள். கார்டின் அளவு, எழுத்தின் அளவு, அச்சுச் செலவு மூன்றும் அந்த ஒரு சொல்லில் முடிவாகிவிடுகின்றன. கார்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மேசையும், அதைப் படிக்கப்போகிறவரின் கண்ணும், விலை மாறாமல் நிற்கும் காலமும்தான். தாளின் அளவு அதற்குப் பிறகு. பூவேலையும் படங்களும் எல்லாவற்றுக்கும் பிறகு.

முதலில், உங்களுக்குக் கார்டே தேவைதானா என்று பாருங்கள். சங்கரபுரத்தின் பிராமின்ஸ் காபி பார் 1965-இலிருந்து இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ என்ற சிறிய பட்டியலோடு நடக்கிறது. காந்தி பஜாரில் 1943-இல் தொடங்கிய வித்யார்த்தி பவனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மசால் தோசையை மனதில் வைத்துக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள். பத்துப் பன்னிரண்டு அயிட்டம் மட்டும் போடுகிற இடத்தில் சுவரில் ஒரு பலகை போதும். கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை அந்தப் பலகையின் எழுத்துக்குக் கொடுங்கள். மறுகோடியில் செயின்ட் மார்க்ஸ் ரோடு கோஷீஸ் இருக்கிறது. அங்கே பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் வரும் இடம் என்பதால் அந்த நீளம் பொருந்துகிறது. அரை மணியில் மேசையைத் திருப்ப வேண்டிய ஓட்டல் அதைப் பார்த்து எட்டுப் பக்கப் புத்தகம் அடித்தால், வாடிக்கையாளர் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் வாசலில் நிற்கிறவரின் நேரம்.

இனி மேசை. ஜெயநகர், கோரமங்கலா, இந்திராநகர் பக்கம் வாடகை ஏறியபின் இருவர் உட்காரும் மேசை இரண்டடிக்கு இரண்டடியாகச் சுருங்கிவிட்டது. இரண்டடி என்றால் 610 மி.மீ. நான்கு பக்க ஏ4 கார்டு என்பது நடுவில் மடித்த ஏ3 தாள். விரித்தால் 420 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் ஆளுக்கொன்றை மேசையில் விரித்தால் 594 மி.மீ. போய்விடும். மிச்சம் 16 மி.மீ. தண்ணீர் டம்ளர் எங்கே நிற்கும்? கார்டின் மேல்தான் நிற்கும். அல்லது கார்டு மடிக்குப் போகும், அங்கிருந்து தரைக்குப் போகும். கார்டு ஈரமாகிறது, ஓரம் பிரிகிறது என்று வருகிற புகார்களில் பாதிக்குக் காரணம் தாளின் தரமல்ல, அளவு.

அதே மேசையில் மடித்த ஏ5 கார்டைப் பாருங்கள். விரித்தால் 297 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். இருவரும் விரித்தாலும் நடுவே 190 மி.மீ. மிஞ்சும்; டம்ளரும் சட்னிக் கிண்ணமும் தாராளமாக நிற்கும். ஆனால் ஏ5-இல் எழுத்தைச் சிறிதாக்கும் ஆசை வந்துவிடும்; அதை ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும்.

என் தேர்வு இரண்டும் அல்ல. மடிப்பே இல்லாத நீளவாக்குக் கார்டு: 5.5 அங்குல அகலம், 11 அங்குல உயரம், இரு பக்கமும் அச்சு. ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம், மேசையில் இடமே வேண்டாம். இரு பக்கமும் சேர்த்தால் 121 சதுர அங்குலம். ஒற்றைப் பக்க ஏ4-ஐவிடக் கால் பங்கு அதிகம். எத்தனை அயிட்டம் கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலும் கீழும் விட்டது போக 9.5 அங்குலம், அதாவது 684 புள்ளி உயரம் கிடைக்கும். கன்னடம் ஒரு வரி, ஆங்கிலம் ஒரு வரி, கொஞ்சம் இடைவெளி என்று அயிட்டம் ஒன்றுக்கு 36 புள்ளி வைத்தால் பக்கத்துக்கு 19 வரும். தலைப்புகள் போனால் 16. இரு பக்கமும் சேர்த்து 32. சிறு சைவ ஓட்டலுக்கு 32 அயிட்டத்துக்கு மேல் வேண்டும் என்றால், கார்டைப் பெரிதாக்கும் முன் சமையலறையில் ஒருமுறை பேசுங்கள்.

தாளுக்கு வருவோம். டிஜிட்டல் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் 12×18 அங்குலத் தாளும் 13×19 அங்குலத் தாளும். நான் சொன்ன 5.5×11 கார்டு, வெட்டும் ஓரம் சேர்த்து, 12×18 தாளில் மூன்று அழகாக உட்காரும். மடித்த ஏ4 கார்டுக்கு முழு ஏ3 தேவை; ஓரம்வரை நிறம் ஓடினால் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும். 12 அங்குலம் என்பது 304.8 மி.மீ., உங்களுக்கு வேண்டியதோ 303. மெஷின் பிடிக்கும் ஓரத்தில் அச்சே விழாது என்பதால் 12×18-இல் இது நடக்காது. 13×19 கேளுங்கள், அல்லது ஓரத்தில் வெள்ளை விட்டு வடிவமையுங்கள். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கடைக்காரர் முழுப் பக்கத்தையும் 97 விழுக்காட்டுக்குச் சுருக்கி அடித்துக் கொடுத்துவிடுவார். எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

ஆஃப்செட்டில் இன்னொரு கணக்கு. அங்கே 23×36 அங்குலத் தாளைப் பாதியாக வெட்டி 18×23-ஆக ஓட்டுவது வழக்கம். அதில் நான்கு ஏ4 கொள்ளாது; இரண்டு ஏ4-ஐ நீளவாக்கில் வைத்தாலே 23.4 அங்குலம் ஆகிறது. அதனால்தான் பல பிரஸ்களில் "ஏ4" என்று கேட்டால் 8.5×11 வெட்டிக் கொடுக்கிறார்கள். உயரத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. உண்மையான ஏ4 வேண்டுமென்றால் 25×36 தாளைக் கேளுங்கள். அதன் பாதியில் நான்கு சரியாக வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் பல அமெரிக்க லெட்டர் அளவில், அதாவது அதே 8.5×11-இல் இருப்பவை. வடிவமைக்கத் தொடங்கும்போதே எந்த அளவில் வெட்டப்போகிறீர்கள் என்று மி.மீ.-இல் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் எதுவும் வராது. ஆஃப்செட்டா டிஜிட்டலா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். இருபது மேசைக்கு ஐம்பது அறுபது கார்டு என்றால் டிஜிட்டல்தான். நான்கு நிறத்துக்கும் பிளேட் போடும் செலவு ஆயிரம் பிரதி கேட்டால்தான் கட்டுப்படியாகும்.

எழுத்து

பெங்களூரு மெனு கார்டு குறைந்தது இரண்டு மொழியில் பேச வேண்டும். கர்நாடகத்தில் 2024-இல் வந்த சட்டத்திருத்தம் கடைகளின் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்கிறது. அது பெயர்ப்பலகைக்கான விதி. ஆனாலும் கார்டில் கன்னடத்தை முதலில், தெளிவாக வைப்பது அந்த ஊரில் தொழில் செய்கிறவர் அந்த ஊருக்குக் காட்டும் மரியாதை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற தமிழர் நிறைந்த பகுதிகளில் தமிழையும் சேர்க்க ஆசைப்படுவீர்கள். சேருங்கள், ஆனால் ஒரே கார்டில் மூன்று மொழியைத் திணிக்காதீர்கள். கன்னடம்–ஆங்கிலம் ஒரு கார்டு, கன்னடம்–தமிழ் ஒரு கார்டு என்று அடித்துக்கொள்ளலாம். டிஜிட்டலில் அதற்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை.

அச்சில் கன்னடத்துக்கு ஆங்கிலத்தைவிட உயரம் கூடுதலாக வேண்டும். இட்லி, அக்கி ரொட்டி, பெண்ணெ தோசெ என்று எதை எடுத்தாலும் ஒத்தக்ஷரம் என்னும் கூட்டெழுத்துக் குறி எழுத்துக்குக் கீழே தொங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியையே கன்னடத்துக்கும் வைத்தால், மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். 12 அல்லது 13 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி இடைவெளி கொடுங்கள். தமிழுக்கு வேண்டியது அகலம். "வெங்காய ஊத்தப்பம்" என்ற சொற்கள் குறுகிய பத்தியில் உடைந்து விலையைக் கீழே தள்ளும். அதனால் தமிழ்க் கார்டில் ஒரே பத்தியாகப் போடுங்கள். நோட்டோ சான்ஸ் எழுத்துரு இரு மொழிக்கும் உண்டு. கொஞ்சம் கொழுத்த, நட்பான முகம் வேண்டுமென்றால் கன்னடத்துக்கு பலூ தம்மா, தமிழுக்கு பலூ தம்பி. இரண்டும் ஒரே குடும்பத்தில் வடிக்கப்பட்டவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தும். தலைப்புக்கு மட்டும் அவற்றை வையுங்கள்.

அடுத்துச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்; கார்டுகள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான். இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் யூனிகோடு கன்னடத்தை ஒட்டினால் ஒத்தக்ஷரம் பிரிந்து விழும். தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் உட்காரும். அடோபி மென்பொருள்களில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தால்தான் சரியாக வரும். நுடி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆகவே மெய்ப்பு பார்த்து முடித்தபின் எல்லா எழுத்தையும் கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப்-ஆகக் கொடுங்கள். மாற்றாத மூலக்கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளை விலையைத் திருத்த அதுதான் உதவும். டிசைனர் கன்னடம் தெரியாதவராக இருந்தால் கன்னடம் படித்த ஒருவர் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது.

அயிட்டத்துக்கு வரிசை எண் போடுங்கள். சப்ளையர் எந்த மாநிலத்திலிருந்து வந்தவராக இருந்தாலும், வாடிக்கையாளர் எந்த மொழி பேசினாலும், "பதினாலாம் நம்பர்" என்று விரலை வைத்தால் போதும்.

ஒளியை மறந்துவிட வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் அருகில் இருப்பதைப் படிக்கப் பெரும்பாலோர்க்குக் கண்ணாடி வேண்டும். அவர்களில் பலர் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சர்ச் ஸ்ட்ரீட், இந்திராநகர் பக்கத்து மங்கலான பப்களில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று அடிக்கிறார்கள். கறுப்புப் பின்னணி நான்கு மை சேர்ந்து வருவது. மெஷினில் ஒரு மை மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளை எழுத்து அடைபட்டுப்போகும். வெளிர் தாளில் கறுப்பு எழுத்து, அந்தக் கறுப்பும் கறுப்பு மை மட்டுமே நூறு விழுக்காடு: எழுத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. மங்கலான இடத்தில் ஆங்கிலம் 12 புள்ளிக்குக் குறையக் கூடாது.

விலை எவ்வளவு நாள் நிற்கும்?

2023 ஆகஸ்டில் நந்தினி பால் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது. 2025 ஏப்ரல் 1 முதல் மறுபடி 4 ரூபாய் ஏறியது. ஓட்டலுக்கு வரும் 19 கிலோ கேஸ் சிலிண்டர் விலையோ மாதத் தொடக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கும். பால் ஏறினால் காபி, டீ, பாதாம் பால் எல்லாம் ஏறும், தோசை ஏறாது. அப்படியிருக்க, காபியையும் தோசையையும் ஒரே லேமினேஷனுக்குள் பூட்டிவைப்பது ஏன்?

பானங்களுக்குத் தனிச் சிறு கார்டு போடுங்கள். பால் விலை ஏறும்போது அதை மட்டும் மாற்றினால் போதும். பெரிய கார்டை ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, நிறமும் கோடும் ஓட்டல் பெயரும் மட்டும் உள்ள தாளை ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்து வைத்துக்கொண்டு, அயிட்டத்தையும் விலையையும் வேண்டும்போது வேண்டிய அளவு கறுப்பில் லேசர் பிரிண்டரில் ஏற்றிக்கொள்வது. அந்தத் தாளுக்கு வார்னிஷும் லேமினேஷனும் கூடாது, மை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் டோனர் பிடிக்காது. ரெக்ஸின் கவருக்குள் செருகும் ஓட்டல்களுக்கு இது மிகப் பொருத்தம். கியூஆர் கோடு வைத்தால் விலைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் போனை எடுக்கத் தெரியாத, எடுக்க விரும்பாத பெரியவர்கள் வரும் ஓட்டலில் அது அச்சடித்த கார்டுக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம். வைத்தால் 2 செ.மீ.-க்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு வையுங்கள்.

விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நகத்தால் கீறிப் பழைய விலையைப் பார்க்காத வாடிக்கையாளர் கிடையாது. பார்த்தபின் அவர் சாப்பிடும் தோசை முன்போல ருசிக்காது.

தாளும் தண்ணீரும்

கார்டு ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடைக்கப்படும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் மேட் லேமினேஷன் போட்டு ஓரத்தை ஒட்ட வெட்டினால், லேமினேஷனின் முகம் நனையாது. ஆனால் வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் தாளுக்குள் புகும். சில வாரத்தில் ஓரம் உப்பிப் பிரியும். இதற்கு வழி இரண்டு. பவுச் லேமினேஷனில் தாளுக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் விட்டு மூடுவது ஒன்று. நான்-டியரபிள் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் கிழியாத செயற்கைத் தாளில் அடிப்பது மற்றொன்று. தட்டோடு தட்டாகக் கார்டு புழங்கும் சைவ ஓட்டலுக்கு இரண்டாவதையே சொல்வேன். விலை கூடினாலும் நாள்பட உழைக்கும். கிளாஸ் லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தை எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும். மேட் அப்படிச் செய்யாது, ஆனால் மஞ்சள் கறை பிடிக்கும். ஆர்டர் கொடுக்குமுன் ஒரு துண்டை வாங்கிவந்து, உங்கள் சமையலறைச் சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். முனைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். கூர்முனையில்தான் பிரியத் தொடங்கும்.

மடிப்புக் கார்டுதான் வேண்டும் என்றால் லேமினேஷனுக்குப் பின் கிரீசிங் (மடிப்புக்கான அழுத்தத் தடம்) போட்டு மடிக்க வேண்டும், தாளின் நார்வாக்கு மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும். கிரீசிங் இல்லாமல் மடித்த டிஜிட்டல் அச்சு, மடிப்பில் வெள்ளைக் கோடாக வெடிக்கும்.

தர்ஷினிக்குப் பலகை

1983-இல் ஜெயநகரில் திறந்த கஃபே தர்ஷினி வழியாக, நின்றபடி சாப்பிடும் சுயசேவை ஓட்டல் என்ற வகையே பெங்களூரு முழுவதும் பரவியது. அங்கே மெனு என்பது கேஷ் கவுன்டருக்கு மேலே இருக்கும் பலகை. பணம் கட்டி டோக்கன் வாங்கியபின்தான் சாப்பாடு என்பதால், வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். பலகை எழுதுகிறவர்களின் பொதுக்கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. உங்கள் வரிசையின் கடைசி ஆள் பதினைந்தடியில் நிற்பார் என்றால் ஒன்றரை அங்குலம். நாற்பது அயிட்டம், இரு மொழி, வரிக்கு இரண்டரை அங்குலம் என்றால் மொத்தம் 200 அங்குலம். நான்கு பத்தியாகப் பிரித்தால் நான்கடிக்குமேல் உயரமும் பன்னிரண்டடி அகலமும் வேண்டும். அவ்வளவு சுவர் எந்தத் தர்ஷினியிலும் இருக்காது. எனவே காலைப் பலகை, மதியப் பலகை, மாலைப் பலகை என்று பிரித்து மாற்றுங்கள். காலை எட்டு மணிக்கு யாருக்கும் கோபி மஞ்சூரியன் விலை தேவையில்லை. விலைக்கு மட்டும் கழற்றி மாட்டும் எண்கள் வைக்கலாம். ஃபிளெக்ஸில் அடிக்க வேண்டாம். கர்நாடக அரசு 2016 மார்ச்சில் தடை செய்த பிளாஸ்டிக் பொருள்களில் ஃபிளெக்ஸும் ஒன்று. அக்ரிலிக் அல்லது உலோகத் தகடு நாள்பட நிற்கும்.

சட்டம் கேட்கும் இடத்தையும் அளவிலேயே ஒதுக்கிவிடுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவர்களும், மத்திய உரிமம் பெற்றவர்களும் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. அதற்குத் தனிப் பத்தி வேண்டும். நீளவாக்குக் கார்டு அவர்களுக்குப் போதாது. ஜிஎஸ்டி தனி என்றால் அதைக் கார்டிலேயே படிக்கும் அளவில் சொல்லுங்கள். பழைய டெம்ப்ளேட்டுகளில் கீழே கிடக்கும் "சர்வீஸ் சார்ஜ் சேர்க்கப்படும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

கடைசியாக, மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு பிரதியை, அடிக்கப்போகும் அதே தாளில், அதே லேமினேஷனோடு அடித்து வாங்குங்கள். கணினித் திரையிலோ வாட்ஸ்அப்பிலோ பார்த்துச் சரி சொல்லாதீர்கள். இரவு எட்டு மணிக்கு, உங்கள் ஓட்டல் விளக்கில், தட்டும் டம்ளரும் வைத்த உங்கள் மேசையில் அதை வைத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் திணறாமல் ஒரு காபிக்கும் ஒரு தோசைக்கும் விலை சொல்லிவிட்டால், அந்தப் பிரதியின் பின்புறம் கையெழுத்தும் தேதியும் போட்டு பிரஸ்ஸுக்குக் கொடுங்கள்.